ரேடியோப் பெண்ணுக்கு ஓர் அர்ச்சனை

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி சிதம்பரத்தில் இருந்தாள், இன்னொருத்தி ரேடியோவில் இருந்தாள். ரேடியோவில் இருந்தவளோடுதான் அவருக்கு உறவு.

சிதம்பரத்தில் இருந்தவள் அவர் பெற்ற பெண், என் நாத்தனார். பெண்ணாடத்தில் நிலபுலத்தோடு ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தும், தன்னோடு படித்த வேறு ஜாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதுதான் அவள் செய்த குற்றம். மாமனார் அன்றைக்கே அவளைத் தலை முழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். மறுநாள் ஜலதோஷம் பிடித்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தவள் நான். அந்த ஜலதோஷத்துக்கும் நாத்தனார்தான் காரணம் என்று வீட்டில் முடிவாயிற்று.

அறுபதுகளின் நடுவில் என் மாமியார் காலமானார். அப்போது நாங்கள் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்க்க நாத்தனார் ஓடி வந்தாள். மாமனார் அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவள் அழுது முடித்து, யாரும் போகச் சொல்லாமலே எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கமும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

வாழ்நாள் முழுக்க நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போட்டு, வண்டிக்காரர்களோடு தொண்டை கிழியச் சண்டை போட்ட மனிதர். அவருக்கு யாரையாவது திட்டினால்தான் சோறு இறங்கும். அப்படிப்பட்டவர் வாயே திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? ஒருநாள் வேண்டுமென்றே ரசத்தை உப்பில்லாமல் வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு, மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நாக்கை நீட்டச் சொன்னார், முதுகைத் தட்டினார். பிறகு என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் புடிப்பு விட்டுப் போச்சி. பேச்சுத்தொணைக்கு யாராச்சும் இருந்தா நல்லது" என்றார். பேச்சுத்துணைக்குப் பெற்ற பெண் இருக்கிறாள் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு நாக்கு எழவில்லை. அப்பாவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாத வளர்ப்பு. மகன் என்ற முறையில் தன்னால் முடிந்ததைச் செய்தார், ஒரு ரேடியோ வாங்கி வந்தார்.

வீட்டுக்கு ஒரு புது மனிதர் வந்தது போல இருந்தது. மாடத்தில் கிடந்த சாமான்களை எடுத்துவிட்டு அதற்கு இடம் ஒதுக்கினோம். மாடியில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டினோம். தபாலாபீசுக்குப் போய் லைசென்ஸ் எடுத்து வந்தோம். அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்காமல் இந்த வீட்டில் சத்தம் போட்டவர் மாமனார் ஒருவர்தான், அவரும் இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தார். முதல் வாரம் ரேடியோவையும் சுவரைப் போலவே பார்த்தார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தொடர் நாடகம் ஒன்று ஆரம்பித்தது. பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்கிறாள். அப்பன்காரன் கதவைச் சாத்துகிறான். அவள் வாடகை வீட்டில் விறகடுப்பை ஊதிக்கொண்டு, இருமிக்கொண்டே, "அப்பா என்னிக்காவது வருவார்" என்கிறாள். இந்தக் கதைக்கா லைசென்ஸ் எடுத்தோம் என்று, ஓடிப்போய்க் குமிழைத் திருகப் போனேன்.

"அத்த ஏம்மா திருவுற? இரு!" என்றார் மாமனார். மாதக்கணக்கில் பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நாடகம் முடிந்ததும் அவர் வாயிலிருந்து அடுத்த பேச்சு வந்தது. "இன்னா மனுசன் இவன்! பெத்த பொண்ணப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தா கொறஞ்சா பூடுவான்?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அந்த அப்பாவுக்கும் ஏதாச்சும் காரணம் இருக்குமில்ல மாமா?" என்றேன்.

"இன்னாம்மா காரணம்? புடிச்சவனக் கட்டிக்கிச்சி. அது ஒரு குத்தமா?"

"அப்ப நம்ம வீட்டுல நடந்தது?"

"அது வேற" என்றார். சொல்லிவிட்டு, ராத்திரி இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார். ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று குறையும் சொன்னார். எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த ஆனந்தம் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

புதன்கிழமை வந்தால் காலையிலேயே சவரம் செய்துகொள்வார். கஞ்சி போட்ட வேட்டி கட்டுவார். நாடகத்துக்கு முன்னால் எவனாவது கர்நாடக சங்கீதம் பாடிக்கொண்டிருந்தால், அவனுடைய குரு பரம்பரை வரைக்கும் திட்டுவார். ரேடியோவுக்குக் கண் இல்லை, வேட்டியை அது பார்க்காது என்று எடுத்துச் சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

விஷயம் தெருவில் பரவியது. எதிர்வீட்டு ஆயா பாக்கு உரலோடு வந்து சேர்ந்தாள். அவளுடைய ஒரே மகன் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தான். எப்போது வந்து போனான் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார் வந்தார். கட்டைப் பிரம்மச்சாரி. நாடகத்தில் வரும் பாத்திரங்களின் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதற்காகவே வருவதாகச் சொல்வார், ஆனால் அந்தப் பெண் இருமும்போது முதலில் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பவர் அவர்தான். இந்த மூன்று பேரும் ரேடியோவுக்கு முன்னால் உட்காரும்போது, ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் போல ஒரு பயபக்தி. யோசித்துப் பார்த்தால் அது ஆஸ்பத்திரிதான். ஆயாவின் மூட்டுவலி புதன்கிழமைகளில் வராது.

அவர்களைப் பொறுத்தவரை, நாடகம் முடிந்தாலும் அந்தப் பெண் அங்கேதான் இருப்பாள். மற்ற நாட்களில் அவள் என்ன சமைத்திருப்பாள், வீட்டுக்காரனுக்குச் சம்பளம் வந்திருக்குமா என்றெல்லாம் பேச்சு நடக்கும். ஆடி மாதம் வந்தது. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். ரேடியோப் பெண்ணுக்கு ஏது தாய்வீடு? புருஷனும் பெண்டாட்டியும் ஆடியிலும் ஒரே வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, ஆடியில ஒண்ணா இருக்குதுங்களே! சித்திரையில புள்ள பொறந்தா ஆவாதே!" என்று ஆயா மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அப்பன்காரன் வந்து கூட்டிக்கினு போயிருக்கணும். பாவி" என்றார் மாமனார்.

ஆயாவின் வாய்முகூர்த்தம், ஐப்பசியில் ரேடியோப் பெண் புளிப்பு மாங்காய் கேட்டாள். வாத்தியார் விரல்விட்டு எண்ணினார். ஆடியிலிருந்து கணக்குப் போட்டு, மூன்றாம் மாதம் முடிகிறது என்று அறிவித்தார். அந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாமனார் இரண்டு முறை சரிபார்த்தார், எடை போட்டுப் பழகியவர் இல்லையா.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அதே ஐப்பசியில் சிதம்பரத்தில் என் நாத்தனாருக்கு எட்டாம் மாதம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது, அதுவும் இவருக்குத் தெரியாது. நானும் என் வீட்டுக்காரரும் கோயிலுக்குப் போகிறோம், துணி எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டு ரயிலேறி அவளைப் பார்த்துவிட்டு வருவோம். நடராஜர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ, அவர் பேரைச் சொல்லிப் பலமுறை வந்தும் அவர் சன்னதிக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. அவளுக்கு நாரத்தங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் போட்டு எடுத்துப்போவேன். ஜாடியைக் கட்டும்போது மாமனார் பார்த்தால், பக்கத்து வீட்டுக்கு என்பேன்.

நாத்தனார் முதலில் கேட்பது ரேடியோக்காரியைப் பற்றித்தான். "அந்த மகராசி எப்பிடி இருக்கா அண்ணி?"

"அவளுக்கு இன்னா கொறச்சல்? ஒங்கப்பா இருக்காரு."

சிரிப்பாள். அப்பாவின் பேச்சும் முகமும் அப்படியே இவளுக்கு வந்திருந்தன. ஒருநாள் சிரித்துக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இந்தத் தடவ எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஏதாச்சும் ஆயிட்டா, அவரு மொகத்தப் பாக்காமயே பூடுவேன். அம்மா செத்தன்னிக்கிக்கூட அவரு முதுகத்தான் பாத்தேன். பிரசவத்துக்கு முன்னாடி ஒரு தடவ வரச் சொல்லு அண்ணி. பேச வேணாம். வந்து நின்னா போதும்."

திரும்பும் ரயிலில் பரங்கிப்பேட்டை வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே அலாதி அக்கறையோடு வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுவதாக எனக்குச் சத்தியம் செய்தார். உள்ளே போய், "அப்பா, வந்து..." என்றார். "இன்னா?" என்றார் மாமனார். "ஏரியல் கம்பி அறுந்துகெடக்கு" என்றார் வீர மகன்.

நான் ஒரு முறை முயன்றேன். "மாமா, சிதம்பரத்துல..." என்று ஆரம்பிப்பதற்குள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். கார்த்திகை பிறந்தது. நாத்தனாருக்கு நிறைமாதம். மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை தபால்காரர் மணி அடிக்கும்போதும் தந்தியோ என்று வாசலுக்கு ஓடினேன்.

அந்தச் சமயம் பார்த்து ரேடியோப் பெண் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். "அம்மா!" என்று ஓர் அலறல், குடம் உருளும் சத்தம், வீணை. அடுத்த புதன்கிழமை தொடரும் என்றார்கள்.

எங்கள் கூடத்தில் இழவு விழுந்தது. ஆயா பாக்கு உரலைத் தள்ளிவிட்டு ஒப்பாரிக்குத் தயாரானாள். வாத்தியார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் எழுந்து நின்று, ரேடியோவைப் பார்த்து, "வவுத்துப் புள்ளக்காரிய தனியா தண்ணி எறைக்க விட்டுட்டு எங்கடா போன?" என்று அவள் வீட்டுக்காரனைக் கேட்டார். அப்போது அதில் விவசாயிகளுக்கு உரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரும் கூடிப் பேசி, ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார்கள். அடுத்த புதன்கிழமைக்குள் அம்மனுக்கு அந்தப் பெண் பேரில் ஓர் அர்ச்சனை. வாத்தியாருக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். "நாடகத்த எழுதறவரு ஏற்கெனவே எழுதி முடிச்சிருப்பாரே?" என்றார்.

"எழுதட்டும். அவனுக்கும் மேல எழுதறவ ஒருத்தி இருக்கா இல்ல?" என்றாள் ஆயா. தமிழ் வாத்தியார் அர்ச்சனைச் செலவுக்கு எட்டணா எடுத்து வைத்தார்.

திருப்பாதிரிப்புலியூரிலேயே பெரிய கோயில் இருக்கிறது. அம்மன் இருக்கிறாள். செருப்பு தேயாமல் போய்வரலாம். ஆனால் மாமனார், "சிதம்பரத்துக்குப் போறேன். சிவகாமியம்மனுக்குப் பண்ணாத்தான் ஆவும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் வீட்டில் தங்கினார், துணைக்கு நான் போனேன். உள்ளுக்குள் எனக்கு எரிந்தது. பெற்ற பெண் நிறைமாதத்தோடு அதே ஊரில் கிடக்கிறாள். இவர் காற்றில் வரும் குரலுக்குத் தேங்காய் உடைக்க மழையில் ரயிலேறுகிறார். இதைவிட என் நாத்தனார் ரேடியோவுக்குள் போய்ப் பிறந்திருக்கலாம்.

ரயிலில் அவர் பழத்தட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மட்டும், "வண்டி ஏன் இப்பிடி ஊருது?" என்றார். ஊரவில்லை. வழக்கமான வேகத்தில்தான் போனது.

கோயிலில் கூட்டம் இல்லை. மழைத்தண்ணீர் பிராகாரத்தில் தேங்கியிருந்தது. சிவகாமியம்மன் சன்னதியில் தீட்சிதர் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு? நட்சத்திரம் என்ன?" என்றார்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. நல்லா மாட்டினார், ரேடியோக்காரிக்கு ஏது நட்சத்திரம் என்று காத்திருந்தேன். மாமனார் குனிந்து, பேரைத் தீட்சிதரின் காதோடு சொன்னார். நட்சத்திரத்தை மட்டும் தடங்கல் இல்லாமல் நிமிர்ந்து சொன்னார்.

"உத்திரட்டாதி."

ஜாதகமே கணித்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பிரார்த்தனை ஏதாவது உண்டா?" என்றார் தீட்சிதர்.

"சொகப் பிரசவம் ஆவணும் சாமி. ஒம்பது மாசம்."

"நாலு மாசம் மாமா" என்று திருத்தினேன். வாத்தியார் எண்ணி, இவரே இரண்டு முறை சரிபார்த்த கணக்கு.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எடைமேடையில் கள்ளக் கணக்குச் சொல்பவனைப் பார்க்கும் பார்வை. "சாமி, நீங்க பண்ணுங்க. ஒம்பது" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அர்ச்சனை முடிந்தது. குங்குமத்தையும் ஒரு முழம் பூவையும் வாழையிலைத் துண்டில் வைத்து மடித்துக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் கிழக்குக் கோபுரம். அவர் வடக்குக் கோபுரத்தைப் பார்த்து நடந்தார். பின்னால் ஓடினேன். வெளியே வடக்கு வீதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ஊடு எந்தப் பக்கம்?" என்றார்.

"யாரு ஊடு மாமா?" என்றேன்.

"நம்ம தெருவுல எல்லாம் பல்லு போனதுங்க. மாசாமாசம் ஜாடி ஜாடியா யாருக்கும்மா ஊறுகா போவுது? எந்த மாசம் ஆரம்பிச்சுதுன்னு எண்ணத் தெரியாதா எனக்கு?" என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை மாதமாக என்னைப் பொய் சொல்ல வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே சும்மா இருந்திருக்கிறார். வீட்டில் சொல்ல முடியாத அக்கறையை எல்லாம் புதன்கிழமைதோறும் ஒரு பெட்டியைப் பார்த்துச் சொல்லித் தீர்த்திருக்கிறார். அந்தப் பெட்டி இல்லையென்றால் அது என்னவாகியிருக்கும்? சுவர்தான்.

சந்துக்குள் கூட்டிப்போனேன். நாத்தனார் வாசல்படியில் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போடக்கூடத் தெரியாமல் நின்றாள். வந்து நின்றால் போதும் என்றவள்தான். வந்து நின்றதும் அவளுக்கு அது போதவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. யார் முதலில் வாய் திறப்பது என்று நின்றுகொண்டே இருந்தார்கள். தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

மாமனார் வாழையிலை மடிப்பை நீட்டினார். "அர்ச்சனை பண்ணிட்டு வரேன்" என்றார்.

"யாருக்கு?"

அவர் மடிப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒங்க ரேடியோ பொண்ணுக்குத்தான? அவகிட்டயே குடுங்க" என்றாள். உதடு கோணியது. "அவதான் கெணத்தடியில வுழுந்து கெடக்கறாளாம். ஊரே பேசுது. நான் போன வருசம் ஒண்ணப் பறிகொடுத்துட்டுக் கெடந்தேன். ஒரு எட்டு வந்தீங்களா?"

அது அவருக்குத் தெரியாது. அவர் முகத்தில் அது போய் இறங்கியதை நான் பார்த்தேன். நீட்டிய கையை அவர் பின்னால் இழுக்கவில்லை. மாதக்கணக்கில் ரேடியோவைப் பார்த்து அவ்வளவு பேசியவருக்கு இங்கே ஒரு சொல் வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

"அவளுக்கு ஏதும்மா நட்சத்திரம்?" என்றார். "ஒன்னோடதத்தான் சொன்னேன்."

நாத்தனார் இலையை வாங்கக் கையை நீட்டவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, படியிலிருந்து ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவருக்கு எதிரே வந்து நின்று, நெற்றியைக் காட்டினாள்.